களத்துப்பாறைக்கு ஒரு குடம் தண்ணீர்

போன மாதம் ஒரு காலையில் அரிசி களைந்துகொண்டிருந்தபோது கவிதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்த பெண். பணி மேற்பார்வையாளர் என்பது பதவியின் பெயர்; ஓவர்சியர் என்றால்தான் கொல்லிமலையில் யாருக்கும் புரியும். சந்தேகம் வந்தால் மட்டுமே கூப்பிடுவாள். அதனால் வாரத்துக்கு மூன்று முறை கூப்பிடுவாள்.

"மேடம், மழைநீர்க் கட்டண ரிஜிஸ்டரை எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தச் சொல்லிட்டாங்க. எடப்புளி நாட்டுல ஒரு பாறை இருக்குதுங்களே, அதுல சொத்துக்காரர் பேருங்கற எடத்துல பதினோரு பேரு எழுதியிருக்கு. கட்டணம்ங்கற எடத்துல 'ஒரு நாள்'னு எழுதியிருக்கு. ரெண்டையும் கம்ப்யூட்டர் ஏத்துக்க மாட்டேங்குது. எழுதுனவங்க தெரியாம எழுதிட்டாங்களா, இல்ல ஆராச்சும் வெளையாடியிருக்காங்களா?"

"அது என் கையெழுத்து கண்ணு," என்றேன். "தெரியாம எழுதலை. தெரியாம எழுதினது அதுக்கு முந்தின வரி. அடிச்சிருக்கும் பாரு."

"ஆமாங்க. வெள்ளையம்மான்னு ஒரு பேரு அடிச்சிருக்கு."

அந்த அடித்த வரியின் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். அடுப்பில் சோறு குழைந்துபோனது. அவளுக்கும் ஆபீசில் ஆள் வந்துவிட்டார்கள். பாதியில் நின்றதை இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன்.

என் ஊர் மலையடிவாரம். டிப்ளமோ முடித்து, வேலை கிடைத்து, முதல் ஆறு மாதம் எழுபது வளைவிலும் பஸ் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியே மலையேறினேன். கண்டக்டர் எனக்கென்று ஒரு எலுமிச்சம்பழம் வைத்திருப்பார். பிறகு பழகிவிட்டது. ரோடு, அங்கன்வாடி, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி என்று டேப்பும் கையுமாக வருடங்கள் போயின. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று காண்டிராக்டர்கள் எல்லோரும் சொல்வார்கள். அவர்கள் போட்ட சிமெண்ட்டைப் பார்த்திருந்தால் உங்களுக்கும் வந்திருக்கும்.

மழைநீர்க் கட்டணம் வந்தது என் வேலையின் கடைசிக் காலத்தில். அதற்குக் காரணம் பஸ். மலையில் லாட்ஜும் ரிசார்ட்டும் பெருகப் பெருக, மண்ணாக இருந்த இடமெல்லாம் தளமாகியது. முன்பு மண் குடித்த மழையெல்லாம் இப்போது ரோட்டுக்கு வந்தது. ஒவ்வொரு பெருமழைக்கும் ஏதாவது ஒரு சிறுபாலம் பக்கவாட்டில் அறுத்துக்கொள்ளும். பஸ் மலைமேல் எங்கள் ஆபீஸ் இருக்கும் செம்மேட்டோடு நின்றுவிடும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும், மிளகு மூட்டை சந்தைக்கும், வயிற்றுப் பிள்ளைக்காரிகள் ஆஸ்பத்திரிக்கும் நடக்க வேண்டியதுதான். தண்ணீரை அனுப்புகிறவர்கள் அதற்கு வழியும் செய்து தரட்டும் என்று எங்கள் ஊராட்சி ஒரு தீர்மானம் போட்டது.

"மழைக்கும் வரியா? நாளைக்கு வெயிலுக்கும் போடுவீங்களா?" என்று செம்மேட்டு டீக்கடையில் ஒருவர் கேட்டார். அதே கேள்வியை அந்த வாரத்தில் நாற்பது பேராவது கேட்டிருப்பார்கள். நாற்பது பேரும் அது தனக்கு மட்டுமே தோன்றிய கேள்வி என்ற முகத்தோடு கேட்டார்கள்.

மழைக்கு வரி இல்லை. வீட்டு வரி, வீடு எவ்வளவு பெரிது, எவ்வளவு பெறும் என்று கேட்கும். இந்தக் கட்டணம் வேறு ஒன்றைக் கேட்கும்: உங்கள் இடத்தில் விழுகிற மழையில் எவ்வளவை நீங்கள் வைத்துக்கொள்கிறீர்கள், எவ்வளவை ஊருக்குத் தள்ளுகிறீர்கள்? கூரை, சிமெண்ட் வாசல், கார் நிறுத்தும் தளம் எல்லாம் கணக்கில் வரும். காடும் தோட்டமும் வெறும் மண்ணும் வராது. சின்ன வீட்டுக்கு ஒரே சின்னத் தொகை, அளக்கவே வேண்டாம். அதற்கு மேல் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஏறும். உறிஞ்சுகுழி வெட்டினாலோ, கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்தாலோ கட்டணம் குறையும். வந்த பணம் வடிகாலுக்கும் சிறுபாலத்துக்கும் மட்டும்தான் போக வேண்டும். ஐந்து ஏக்கர் மிளகுத் தோட்டக்காரரை விட அரை ஏக்கர் லாட்ஜ்காரர் அதிகம் கட்டினார் என்றால் காரணம் இதுதான்.

எது குடிக்கிற தரை, எது தள்ளுகிற தரை என்று சண்டை வருமே, அதற்கு எங்கள் உதவிப் பொறியாளர் வையாபுரி சார் ஒரு முறை வைத்திருந்தார். தீர்மானத்தில் அது இல்லை. அவராக வைத்துக்கொண்டது. சார் ஒல்லியாக, உயரமாக இருப்பார். மழையோ வெயிலோ கையில் குடை இருக்கும்; அதை விரித்து நான் பார்த்ததில்லை. குரல் உயர்த்திப் பேசியும் கேட்டதில்லை. ஒரு இடத்துக்குப் போனால் நாற்காலி போடுவார்கள், உட்கார மாட்டார். டீ கொடுப்பார்கள், அளந்து முடித்த பிறகுதான் குடிப்பார். ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டு, "நல்ல டீங்க" என்று சொல்வார்.

அந்த வீட்டுக் குடத்தை வாங்குவார். அந்த வீட்டுத் தண்ணீரை நிரப்பச் சொல்வார். சந்தேகமான தரையில் மெதுவாகச் சாய்ப்பார். வீட்டுக்காரர் நூறு வரைக்கும் சத்தமாக எண்ண வேண்டும். எண்ணி முடிப்பதற்குள் தரை குடித்துவிட்டால் கட்டணம் இல்லை. வழிந்து போனால் உண்டு. "அவுங்க கொடம், அவுங்க தண்ணி, அவுங்க தரை, எண்றதும் அவுங்க. நம்மது கண்ணு மட்டுந்தாம்மா" என்பார். தரை குடிக்க நேரம் கிடைக்கட்டும் என்று கல்யாணப் பத்திரிகை வாசிக்கிற மாதிரி எண்ணினவர்கள் உண்டு. "முப்ப...த்தி... ஏழு" என்று ஒருவர் இழுத்தபோது நான் சிரித்துவிட்டேன். சார் சிரிக்கவில்லை. முப்பத்தெட்டுக்காகக் காத்திருந்தார்.

பிறகு டேப். ஒரு நுனி என் கையில், மறு நுனி வீட்டுக்காரர் கையில். நான் அளவைச் சொல்ல, அவர் திருப்பிச் சொல்ல, அப்புறம்தான் பென்சிலால் எழுதுவோம். எழுதி முடித்ததும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். படிக்கத் தெரிந்தவராக இருந்தாலும் படித்துக் காட்ட வேண்டும். அதன் பிறகே கையெழுத்து. "கண்ணு ஒரு வரிய முழுங்கிரும்மா. வாய் முழுங்காது" என்று இதற்குக் காரணம் சொன்னார். எனக்கு இது பெரிய தொந்தரவாக இருந்தது. கடைசி பஸ் நாலரைக்கு. இவர் படி படி என்றால் நான் எழுபது வளைவையும் நடந்தா இறங்குவது?

வாசலூர்பட்டியில், படகு விடுகிற ஏரிக்குப் பக்கத்தில், ஒரு லாட்ஜ். முந்தின வாரம் போனபோது முன்பக்கம் முழுக்க சிமெண்ட் தளமாக இருந்தது. அளக்கப் போன அன்று பார்த்தால் செம்மண். இரவோடிரவாக இரண்டு லோடு மண்ணை அடித்துப் பரப்பியிருக்கிறார்கள். மேலே நாலு ரோஜாச் செடி வேறு. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மேனேஜரை ஏரியில் தள்ளியிருப்பேன். சார் பேசாமல் குடத்தை வாங்கி ஊற்றினார். மேனேஜர் உற்சாகமாக எண்ணினார். மண் குடித்தது, குடித்தது. அறுபது எண்ணும்போது தளத்தின் ஓரத்தில் சிவப்புத் தண்ணீர் ஒழுக ஆரம்பித்தது. ரோஜாச் செடி ஒன்று சாய்ந்தது.

"மண்ணு நல்லா இருக்குதுங்க," என்றார் சார். "அடியில தண்ணிக்கு ஒரு வழி சொல்லிட்டீங்கன்னா போதும்."

அவர்களே மறு மாதம் தளத்தில் பாதியை உடைத்து உண்மையான தோட்டம் போட்டார்கள். கட்டணமும் குறைந்தது. இப்போது அங்கே ரோஜா நன்றாக வருகிறதாம்.

இப்படி எல்லோரும் சதுர அடியை மறைக்கிற காலத்தில்தான் நான் வெள்ளையம்மாவைச் சந்தித்தேன்.

மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. எடப்புளி நாட்டில் பதினோரு வீடு உள்ள ஒரு ஊர். ஊரின் தலைமாட்டில் அகலமாக, லேசான சரிவோடு ஒரு பாறை. களத்துப்பாறை என்பார்கள். பதினோரு வீட்டுக்காரர்களும் ராகி அடிப்பது, சாமை தூற்றுவது, மிளகு காயவைப்பது எல்லாம் அதன் மேல்தான். யாருக்கு எந்தப் பக்கம், யாருக்கு எந்த நாள் என்பது அவர்களுக்குள் பேச்சு. பாறையை ஒட்டினாற்போல் வெள்ளையம்மாவின் வீடு. கணவர் இல்லை, ஒரு மகள். ஐம்பது வயதிருக்கும். அளந்து பேசுகிற பெண்.

அன்று சார் வரவில்லை. கலெக்டர் ஆபீசில் கூட்டம். நான் மட்டும் போனேன். பத்து வீட்டை முடித்து, கடைசியாக வெள்ளையம்மா வீட்டுக்கு வந்தேன். சின்னத் தகரக் கூரை, அளக்க ஒன்றுமில்லை. கிளம்பப் போனபோது அவர் கேட்டார்.

"ஏனுங்க, இந்தப் பாறையும் தண்ணியத் தள்ளுதுங்களே. இதுக்குக் கட்டணம் இல்லீங்களா?"

"இருக்கணும்தான்," என்றேன்.

"அப்ப எம் பேருல எழுதிக்குங்க. நான் கட்டறேன்."

நான் பூரித்துப்போனேன். மண்ணைக் கொட்டி ஏமாற்றுகிற ஊரில், கேட்காமலே வந்து கட்டுகிறேன் என்கிற ஒரு ஆள். வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. பஸ்ஸுக்கு அரை மணி நேரம்தான் இருந்தது. டேப்பை இழுத்து, பாறை முழுவதையும் அளந்து, சொத்துக்காரர் என்ற இடத்தில் வெள்ளையம்மா என்று எழுதினேன். படித்துக் காட்டவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓடினேன். பஸ்ஸில் உட்கார்ந்து, இப்படி நாலு பேர் இருந்தால் நாடு எங்கேயோ போய்விடும் என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன். இப்போது நினைத்தாலும் என் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

இந்த மலையில் ரசீது என்றால் பாதிப் பட்டா. அது இருபத்தைந்து வருடம் மலையேறிய எனக்குத் தெரியாததல்ல. பட்டா இல்லாத நிலம் ஏராளம். வீட்டு வரி ரசீதைக் காட்டித்தான் கரண்ட் வாங்குவார்கள், கடன் வாங்குவார்கள், பங்காளிச் சண்டையில் ஜெயிப்பார்கள். நாங்கள் ரசீதின் அடியில், இது உரிமைக்குச் சான்று ஆகாது என்று அச்சடித்துத்தான் கொடுத்தோம். அந்த வரியை யாரும் பார்ப்பதில்லை. பெயரைத்தான் பார்ப்பார்கள்.

ஆறு மாதம் கழித்து, செம்மேட்டுச் சந்தை நாளில், அதே ஊரிலிருந்து பாப்பாயி என்ற அம்மா ஆபீசுக்கு வந்தார். மடியில் ஒரு பொட்டலம். மேஜை மேல் வைத்துப் பிரித்தார். சேறும் கல்லும் கலந்த ராகி, இரண்டு கை இருக்கும்.

"இவ்வளவுதானுங்க மிஞ்சிச்சு," என்றார்.

சத்தம் போடவில்லை. சொன்னார். ரசீது வந்த அன்றே ஊருக்குத் தெரிந்துவிட்டது. பாறை வெள்ளையம்மா பேருக்குப் போய்விட்டது. அடுத்தவர் இடத்தில் கேட்காமல் ராகி கொட்டுவது அவர்கள் வழக்கமில்லை. தங்கள் பாறையை இன்னொருவரிடம் போய்க் கேட்கவும் மனமில்லை. பத்து வீடும் தார் ரோட்டில் காயப்போட்டார்கள். அந்தப் பருவத்தில் வராத மழை ஒரு மத்தியானம் வந்து கொட்டியது. மற்றவர்கள் வாரிவிட்டார்கள். பாப்பாயி காட்டில் இருந்தார். ரோட்டோரத்தில் கட்டணப் பணத்தில் நான் நின்று கட்டிய வடிகால் இருந்தது. நல்ல வடிகால். எங்கும் தேங்கவிடாமல் பாப்பாயி வீட்டு ஒரு வருட ராகியைக் கீழே ஓடைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

"பாறை இருந்திருந்தா போயிருக்காதுங்க. ஊட்டுக்குப் பக்கம், ஆராச்சும் வாரிப் போட்டிருப்பாங்க," என்றார். "வெள்ளையம்மா கூட இப்ப ஆரும் பேசறதில்லீங்க. கோயில் பொங்கலுக்கு அவுங்க ஊட்ல அரிசி வாங்கலீங்க. என்னமோ சொல்லணும்னு தோணுச்சு. சொல்லிட்டேன்."

அவர் போனதும் தீர்மானத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். பாறையைப் பற்றி ஒன்றுமில்லை. சாரின் அலமாரியில் இருந்த மூலத்தை எடுத்தேன். அந்தத் தாளுக்குப் பின்பக்கமும் இருந்தது. நான் முன்பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் போட்டு வைத்துக்கொண்டு மலை முழுக்க அளந்திருக்கிறேன். பின்பக்கம் மூன்றாவது வரி: மனிதர் போடாத இயற்கைப் பாறைக்குக் கட்டணம் இல்லை, அதைப் பயன்படுத்துகிறவர்கள் அதன் தண்ணீர் போகும் வாய்க்காலை மட்டும் பராமரிக்க வேண்டும்.

அடுத்த பஸ்ஸைப் பிடித்து வெள்ளையம்மா வீட்டுக்குப் போனேன். பாறை கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. அவருடைய ராகி மட்டும் ஒரு மூலையில், பாயகலத்துக்குக் காய்ந்துகொண்டிருந்தது.

"தெனமும் கூட்டி வெக்கறேனுங்க," என்றார். "ஒருத்தரும் வரலீங்க."

"நீங்களே போய்க் கூப்பிட்டிருக்கலாமே?"

"கூப்ட்டேனுங்க. 'உன் பாறை, நீயே காயப்போடு'ங்கறாங்க."

எதற்காக எழுதச் சொன்னீர்கள் என்று கேட்டேன். நான் ஓவர்சியர்தான், ஆனால் அப்போது அதட்டலாகக் கேட்கவில்லை. அவர் உள்ளே போய் ரேஷன் கார்டு கவரிலிருந்து அந்த ரசீதை எடுத்து வந்து கையில் வைத்துக்கொண்டே பேசினார். பாறைக்கு அந்தப் பக்கம் அவர் கொழுந்தனாரின் காடு. சமவெளியிலிருந்து ஒருவர் வந்து, பாறை மேல் கண்ணாடி வீடு கட்டி ரூம் விட வேண்டும் என்று கொழுந்தனாரிடம் பேசிக்கொண்டிருந்தார். பாறை யார் பேரிலும் இல்லை, முதலில் ஒரு ரசீது வாங்கினால் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த வெளியூர்க்காரர் சொன்னது வெள்ளையம்மாவின் காதில் விழுந்திருக்கிறது. மறு வாரம் நான் டேப்போடு வந்து நிற்கிறேன்.

"அவன் பேரு ஏறறதுக்கு முன்ன ஆரு பேராச்சும் ஏறணும்னு நெனச்சேனுங்க. கையில இருந்தது எம் பேருதான்."

"இதை ஊர்ல சொல்லியிருந்தா ஆச்சே."

"கொழுந்தனாரை ஊருக்கு முன்ன நிறுத்தச் சொல்றீங்களா? எம் புள்ள கல்யாணத்துக்கு முன்ன நிக்கற சித்தப்பன் அவருதானுங்க. நீங்களும் சொல்லக்கூடாது."

ஊரில் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். பெயரை அடித்தால் பாறை அந்த ஆளுக்குத் திறந்துவிடும். அடிக்காவிட்டால் இந்த அம்மா தன் ஊருக்குள்ளேயே அயலாளாகிவிடுவார்.

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொழுந்தனார் விஷயத்தை, இது வெளியே போகக் கூடாது சார் என்று சொல்லிவிட்டுச் சொன்னேன். அவர் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். சீவி முடித்து, தூளைக் காகிதத்தில் மடித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, "பின்பக்கம் பாக்கலியா சரசு?" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

பிறகு மனுக் கட்டை எடுத்துப் புரட்டினார். நடுவில் ஒரு மனு இருந்தது. அந்தச் சமவெளிக்காரர், களத்துப்பாறைக்குத் தானே கட்டணம் செலுத்தத் தயார் என்று அழகான டைப்பில் கொடுத்திருந்தார். நான் அளக்கப் போனதற்கு மூன்று நாள் முன்பே வந்திருக்கிறது.

"கொறைங்கன்னு வர்றவங்களைப் பாத்துப் பயப்பட வேண்டாம்மா," என்றார் சார். "கட்டறேன் கட்டறேன்னு வர்றவங்க மனுவத்தான் ரெண்டு தடவ படிக்கணும்."

மறு வாரம் பாறை மேல் கூட்டம் போட்டார். பதினோரு வீட்டுக்காரர்களும் வந்தார்கள். தூறல். பத்து வீட்டுக்காரர்கள் ஒரு பக்கம் நின்றார்கள். வெள்ளையம்மா தன் வீட்டு வாசலிலேயே நின்றார். கொழுந்தனார் கூட்டத்தின் பின்னால். சார் குடையை மடக்கியபடியே பிடித்துக்கொண்டு, "ஒரு கொடம் தண்ணி வேணுங்களே" என்றார். யாரும் அசையவில்லை. எட்டு அடியில் வெள்ளையம்மா வீடு இருக்கிறது; அங்கே போய் வாங்க யாரும் தயாராக இல்லை. சார் தானே போனார். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, வழுக்கும் பாறையில் அந்த உயரத்துக்கு அவர் ஆடி ஆடி நடந்து வந்ததைப் பார்த்து நாலு பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

"எல்லாரும் எண்ணுங்க," என்று சாய்த்தார். ஐந்து எண்ணுவதற்குள் தண்ணீர் சரிந்து கீழே போய்விட்டது.

"தள்ளிருச்சு. அப்ப கட்டணம் உண்டுங்களா?"

"உண்டுங்க," என்றார்கள்.

"இந்தத் தளத்தப் போட்டது ஆருங்க?"

ஒரு பெரியவர், "சாமி போட்டதுங்க" என்றார்.

"அப்ப நோட்டீசு சாமிக்கில்ல அனுப்பணும். இந்தம்மாவுக்கு எதுக்கு அனுப்புனோம்? சரசு, பின்பக்கத்தப் படிம்மா."

படித்தேன். மூன்றாவது வரியை இரண்டு முறை படித்தேன். பிறகு, யாரும் கேட்காமலே சொன்னேன்: தாளைத் திருப்பிப் பார்க்காதது நான், படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கியது நான், வெள்ளையம்மா பாறையைக் கேட்கவில்லை, கட்டுகிறேன் என்றுதான் சொன்னார், சொத்துக்காரர் என்று எழுதியது என் கை. பாப்பாயியைப் பார்த்து, உங்கள் ராகி என்னால்தான் போயிற்று என்றேன். இருபத்தைந்து வருடத்தில் நான் மற்றவர்களிடம் கறாராகக் கேட்டுப் பழகியவள். மன்னிப்புக் கேட்க நாக்கு திரும்புவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பாப்பாயி, "அப்ப ஆரு பேரும் இல்லாம விட்ருங்க. முன்னாடி மாதிரியே கெடக்கட்டும்" என்றார்.

"விட்ரலாங்க," என்றார் சார். "ஆனா அந்த எடத்துக்கு இன்னொரு பேரும் கேட்டு வந்திருக்குது. வெளியூர்ப் பேரு. இந்தம்மா பேருக்கு மூணு நாள் முன்னயே வந்தது. இந்தம்மா பேரு இல்லீன்னா இந்நேரம் அந்தப் பேரு ஏறியிருக்கும்."

அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யார் மூலம், எப்படி என்று யாரும் கேட்கவும் இல்லை. பதினோரு வீட்டு ஊரில் கேட்க வேண்டியதில்லை. கொழுந்தனார் காலடியில் இருந்த பாசியைப் பெருவிரலால் தேய்த்துக்கொண்டே நின்றார். வெள்ளையம்மா அவரைப் பார்க்கவே இல்லை. அவர் பார்க்காததை ஊரே பார்த்தது.

எல்லோர் பெயரையும் எழுதிவிடுவது என்று முடிவானது. பாறைக்குப் பணம் இல்லை. கீழே ரோட்டை அறுக்கிற வாய்க்காலை வருடத்துக்கு ஒரு நாள் பதினோரு வீடும் சேர்ந்து தூர்வார வேண்டும். சார் பதிவேட்டை என்னிடம் நீட்டினார். முதலில் வெள்ளையம்மா என்று இருந்ததை அடித்தேன். அவர் ரசீதைக் கொண்டுவந்து கொடுத்தார். சார் அதன் குறுக்கே ரத்து என்று எழுதினார்.

"மொதப் பேரு ஆருதுங்க?" என்று கேட்டேன்.

பாப்பாயி முன்னால் வந்தார்.

"எம் பேர ரெண்டாவதாப் போடுங்க," என்றார். "மொதல்ல அவுங்களுது இருக்கட்டும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூறல்தான் என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். அன்றைக்கு டீ வெள்ளையம்மா வீட்டில். சார் ஒருவர்தான் சூடாகக் குடிக்கவில்லை. பதிவேட்டை முழுதும் படித்து முடிக்கும் வரை தொடமாட்டேன் என்றார். படித்தேன். கட்டணம் என்ற இடத்தில் "ஒரு நாள்" என்று படித்தபோது எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த வருடம் பாப்பாயி வீட்டுக்கு ராகி எங்கிருந்து வந்தது என்று நான் விசாரிக்கவில்லை. அடுத்த முறை போனபோது வெள்ளையம்மா வீட்டுக் குதிர் பாதிக்கு மேல் இறங்கியிருந்தது.

இதையெல்லாம் கவிதாவுக்கு இரண்டாம் நாள் போனில் சொல்லி முடித்தேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "கட்டணத்த சைபர்னு போட்டு 'ஒரு நாள்'ங்கறதக் குறிப்புல ஏத்திடலாம். ஆனா கம்ப்யூட்டருக்கு ஒரு பேருதான் வேணும் மேடம்," என்றாள். எனக்குப் பகீரென்றது. சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கா வர வேண்டும்? ஊருக்கே போய்க் கேள், எல்லோரையும் வைத்துக்கொண்டு கேள் என்றேன்.

மூன்றாம் நாள் கூப்பிட்டாள். "மேடம், பத்து ஊட்டுக்காரங்களும் ஒரே பேரச் சொல்றாங்க."

"யாரு?"

"வெள்ளையம்மாவத்தான். அவுங்க மட்டும் வேண்டாங்கறாங்க. ஒருக்காப் பட்டது போதுங்கறாங்க. எல்லாரும் கெஞ்சினதுக்கு அப்பறம், பழைய ஓவர்சியரம்மா வந்து நின்னா கையெழுத்துப் போடறேன்னு சொல்லிட்டாங்க."

மறுநாளே பஸ் ஏறினேன். ஓய்வு பெற்ற பிறகு பழக்கம் விட்டுப்போய், பாதி வளைவிலேயே எலுமிச்சம்பழம் தேவைப்பட்டது. பாறை முழுக்க ராகிக் கதிர். பதினோரு வீட்டுக் குவியலும் பக்கம் பக்கமாக இருந்தது. வெள்ளையம்மாவின் தலை நரைத்திருந்தது. மகள் கல்யாணம் முடிந்து, பேரப்பிள்ளையைக் கொழுந்தனார் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். பாப்பாயி என்னைப் பார்த்ததும், "இந்தத் தடவ மழை வராதுங்களே?" என்று கேட்டுச் சிரித்தார்.

கவிதா கம்ப்யூட்டரில் அடித்துக் கொண்டுவந்த படிவத்தை நீட்டினாள். வெள்ளையம்மா பேனாவை வாங்கவில்லை. "சத்தமாப் படிங்க," என்று என்னிடம் சொன்னார்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தேன். கதிர் அடித்துக்கொண்டிருந்தவர்கள் கோலை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். பாறையின் அளவு, வாய்க்கால், ஒரு நாள் வேலை, பதினோரு குடும்பங்கள், கடைசியில் வெள்ளையம்மா பெயர். எல்லாம் சரியாக இருந்தது. பேனாவை நீட்டினேன்.

"பின்பக்கம் எதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

கவிதாவைப் பார்த்தேன். அவள் முகம் மாறியது. தாளைத் திருப்பினேன். வெள்ளைத் தாளின் அடியில், பொடி எழுத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. அதையும் சத்தமாகப் படித்தேன்: "மேற்கண்ட நபர் சொத்தின் உரிமையாளர் அல்லது பொறுப்பாளர். பொருந்தாததை அடிக்கவும்."

யாரும் அடித்திருக்கவில்லை.

"அப்ப அடிங்க," என்றார் வெள்ளையம்மா.

உரிமையாளர் என்பதை அடித்தேன். மறுபடி ஒரு முறை, மிச்சம் இருந்ததை மட்டும் படித்துக் காட்டினேன். அதன் பிறகுதான் அவர் பேனாவை வாங்கினார்.